பையன்கள் மட்டும் படிக்கும் இயேசு சபைப் பள்ளியில் என்ன நடக்கிறது?

கிளீவ்லண்டில் யாராவது இறந்துபோய், சவப்பெட்டியைத் தூக்க ஆள் இல்லையென்றால், இறுதிச்சடங்கு நடத்துபவர்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்யலாம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள அந்த நகரத்தில் 1886 முதல் செயின்ட் இக்னேஷியஸ் என்ற உயர்நிலைப் பள்ளியை இயேசு சபை நடத்திவருகிறது. பையன்கள் மட்டும் படிக்கும் பள்ளி. 2003-ல் அங்கிருந்த மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர் இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். இயேசுவின் உடலுக்குத் தன் கல்லறையைக் கொடுத்த அரிமத்தியா ஊர் யோசேப்பின் பெயரை அதற்கு வைத்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை முன்பின் தெரியாதவர்களின் பெட்டியை அந்தப் பள்ளிப் பையன்கள் தூக்குகிறார்கள்.

சாவுக்கு நாலு பேர் வேண்டும் என்று நம் ஊரில் சொல்வோம். அந்த நாலு பேர் கிடைக்காதவர்கள் அமெரிக்க நகரங்களில் ஏராளம். பிள்ளைகள் எங்கோ தூரத்து மாநிலத்தில் இருப்பார்கள், கூட்டாளிகள் முன்பே போய்ச் சேர்ந்திருப்பார்கள், கடைசிக் காலம் முதியோர் இல்லத்தில் கழிந்திருக்கும். கோயிலுக்கு வந்திருக்கும் மூன்று நான்கு பேரும் தள்ளாத வயதினராக இருப்பார்கள். அங்கே கோட்டும் டையுமாகப் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் வந்து நிற்கிறார்கள். பெட்டியின் இரு பக்கமும் மூன்று மூன்று பேர். எல்லாரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும், ஒரே அளவில் அடிவைக்க வேண்டும். படியில் இறங்கும்போது கனம் முழுவதும் முன்னால் இருப்பவர்கள் கைக்குப் போகும். ஒருவன் பிடியைத் தளர்த்தினால் மற்ற ஐந்து பேருக்கும் அது உடனே தெரியும். சகோதரத்துவம் என்று பள்ளி மலர்களில் பக்கம் பக்கமாக எழுதுவதை இந்தச் சில நிமிடங்கள் சொல்லாமலே கற்றுக்கொடுத்துவிடுகின்றன.

அதே பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை இரவு இன்னொரு வேலை உண்டு. சமைத்த உணவை வண்டியில் ஏற்றிக்கொண்டு, வீடில்லாமல் தெருவில் இருப்பவர்களைத் தேடிப் போவார்கள். ஈரி ஏரியிலிருந்து பனிக்காற்று வீசும் மாதங்களிலும் போவார்கள். சாப்பாடு ஒரு சாக்குதான். உட்கார்ந்து பேச வேண்டும், பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். முதல் முறை போகும் பையனுக்கு என்ன பேசுவது என்று தெரியாது. பழகிய மூத்த மாணவன் பக்கத்தில் இருப்பான், அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்வான். இந்தப் பள்ளிகளில் ஏறக்குறைய எல்லாமே இப்படி மூத்தவனிடமிருந்து இளையவனுக்குப் போகிற வழக்கங்கள்தாம்.

இயேசு சபைப் பள்ளிகள் நமக்கும் புதியவை அல்ல. பாளையங்கோட்டை தூய சவேரியார், திருச்சி தூய வளனார், மதுரை தூய மரியன்னை என்று ஊருக்கு ஊர் அவர்கள் பள்ளிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். கண்டிப்புக்கும் நல்ல ஆசிரியர்களுக்கும் அவை பேர்போனவை. ஆனால் இந்தச் சபை பிள்ளைகளை வளர்க்க ஒரு தனி முறை வைத்திருக்கிறது, அதற்கு நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது என்பது அதில் படித்தவர்களில்கூடப் பலருக்குத் தெரியாது. அந்த முறையை அமெரிக்காவின் ஆண்கள் பள்ளிகளை வைத்து இங்கே விளக்குகிறேன். அங்கே அது வெளிப்படையாகப் பேசப்படுகிறது, எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.

சபையை நிறுவிய இஞ்ஞாசியார் ஒரு படைவீரர். 1521-ல் பம்ப்லோனா கோட்டையைக் காக்கும் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தது. படுக்கையில் கிடந்த மாதங்களில் அவர் மனம் திரும்பியது. அப்போது அவர் ஒன்றைக் கவனித்தார்: சில எண்ணங்கள் அந்த நேரத்துக்கு இனித்தாலும் பிறகு மனத்தை வறட்சியாக்குகின்றன, வேறு சில நெடுநேரம் நிறைவு தருகின்றன. தன் மனம் எந்தப் பக்கம் போகிறது என்று தினமும் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தை அவர் ஒரு பயிற்சியாகவே வகுத்தார். 1540-ல் சபைக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது. பள்ளி நடத்துவது அப்போது அவர்கள் திட்டத்தில் இல்லை. சிசிலியில் மெசினா நகரத்தார் கேட்டுக்கொண்டதால் 1548-ல் வெளி மாணவர்களுக்கான முதல் பள்ளியைத் தொடங்கினார்கள். அதன்பின் நிறுத்தவே முடியாத அளவுக்குப் பெருகிவிட்டது. 1599-ல் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான ஒரு கல்வித் திட்டத்தை அச்சிட்டார்கள்.

அந்தப் பழைய திட்டத்தில் போட்டிக்கு முக்கிய இடம் இருந்தது. வகுப்பை இரண்டு அணிகளாகப் பிரிப்பார்கள். ஒன்று ரோமாபுரி, மற்றது கார்த்தேஜ். ஒவ்வொரு பையனுக்கும் எதிரணியில் ஒரு போட்டியாளன் இருப்பான். இவன் தப்பாகச் சொன்னால் அவன் எழுந்து திருத்துவான். பத்துப் பையன்களுக்கு ஒரு பையன் தலைவன். அவர்கள் பாடம் ஒப்பிப்பதைக் கேட்பது அவன் பொறுப்பு. பையன்களின் போட்டிபோடும் வெறியை அடக்கப் பார்க்காமல் அதைப் படிப்பின் பக்கம் திருப்பிவிட்டார்கள் என்பது என் கணிப்பு. இன்று ரோமும் கார்த்தேஜும் இல்லை. கூடைப்பந்தும் விவாத மேடையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

அந்த முறையை இன்றைய வடிவுக்கு மாற்றியவர் பேத்ரோ அருப்பே. மருத்துவம் படித்துப் பிறகு துறவியான பாஸ்க் நாட்டவர். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா நகருக்கு வெளியே இளம் துறவிகளுக்குப் பயிற்சி தரும் இல்லத்தில் இருந்தார். அணுகுண்டு விழுந்த பிறகு அந்த இல்லத்தையே மருத்துவமனையாக்கிக் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார். 1965-ல் சபையின் உலகத் தலைவரானார். 1973 ஜூலை 31, இஞ்ஞாசியார் திருநாள். ஸ்பெயினில் வலென்சியா நகரில் ஐரோப்பியப் பழைய மாணவர்கள் கூடியிருந்தார்கள். வக்கீல்கள், முதலாளிகள், அதிகாரிகள் என்று வாழ்க்கையில் நன்றாக வந்தவர்கள். பாராட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த அவர்களிடம், நீதிக்காக நிற்க உங்களுக்கு நாங்கள் கற்றுத்தரவில்லை என்ற பொருளில் அருப்பே பேசினார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே இனி நம் பள்ளிகளின் நோக்கம் என்றார். கேட்டவர்கள் பலருக்கு அது சுட்டது. ஆனால் அவர் சொன்ன அந்தத் தொடர்தான் இன்று உலகெங்கும் இயேசு சபைப் பள்ளிச் சுவர்களில் எழுதப்பட்டிருக்கிறது.

சுவரில் எழுதுவது சுலபம். அமெரிக்கப் பள்ளிகள் 1980-ல் அதை ஒரு வரையறையாக மாற்றின: படிப்பை முடித்துப் போகும் பையன் வளரத் தயாரானவனாக, அறிவுத்திறன் உள்ளவனாக, சமயப் பற்றுள்ளவனாக, அன்பு செலுத்துபவனாக, நீதிக்காக உழைப்பவனாக இருக்க வேண்டும். கவனிக்க வேண்டியது, இந்த ஐந்தில் அறிவுத்திறன் ஒன்றுதான் மதிப்பெண்ணில் அகப்படும். மற்ற நான்கையும் என்ன செய்வது? அதற்குத்தான் சில வழக்கங்கள்.

மதிய உணவுக்குப் பிறகு மணி அடிக்கும். பல பள்ளிகளில் விளக்கை அணைத்துவிடுவார்கள். ஒலிபெருக்கியில் ஒரு ஆசிரியரோ மாணவரோ மெதுவாகப் பேசுவார்: காலையிலிருந்து எதற்கு நன்றி சொல்லலாம், யாரிடம் எரிந்து விழுந்தேன், மாலைக்குள் எதைச் சரிசெய்யலாம். சில நிமிடங்கள்தான், திரும்பப் பாடம் தொடங்கிவிடும். தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஆன்ம சோதனை என்று சொல்வது இதைத்தான். படுக்கையில் கிடந்த இஞ்ஞாசியார் செய்தது இது. பதினான்கு வயதில் பாதிப் பையன்கள் அந்த நேரத்தில் தூங்குவார்கள் என்பதும் உண்மை. ஆனால் நான்கு ஆண்டுகள் நாள்தோறும் செய்தால் ஏதோ ஒன்று ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

தண்டனைக்கும் தனிப் பெயர் உண்டு: ‘ஜக்’. தாமதமாக வந்தால், டை கட்டாமல் வந்தால், பள்ளி முடிந்ததும் ஜக். உணவுக்கூடத்தைப் பெருக்குவதாக இருக்கலாம், நீண்ட பத்தியைப் பார்த்து எழுதுவதாக இருக்கலாம், சும்மா வட்டமாக நடப்பதாகவும் இருக்கலாம். பழைய மாணவர்கள் கூடினால் முதலில் பேசுவது இதைத்தான்.

எல்லாவற்றையும்விட ஆழமாகப் போவது ‘கைரோஸ்’ என்ற நான்கு நாள் தியானம். பதினொன்றாம் அல்லது பன்னிரண்டாம் வகுப்பில் நடக்கும். பையன்களை ஊருக்கு வெளியே ஒரு தியான இல்லத்துக்கு அழைத்துப் போவார்கள். செல்போனையும் கைக்கடிகாரத்தையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அங்கே பெரும்பாலும் பேசுவது முன்பே தியானம் முடித்துவந்த சக மாணவர்கள். அப்பாவின் குடி, அம்மா அப்பாவின் மணமுறிவு, தான் செய்த துரோகம், அணியில் இடம் கிடைக்காமல் போன அவமானம் என்று தன் வாழ்க்கையை ஒருவன் எழுந்து நின்று சொல்வான். அவன் கால்பந்து அணியின் தலைவனாகக்கூட இருக்கலாம். பிறகு சிறு குழுக்களாக உட்கார்ந்து பேசுவார்கள். ஒரு கட்டத்தில் ஒவ்வொருவன் கையிலும் கடிதக் கட்டு ஒன்று வரும். பெற்றோரும் உடன்பிறந்தோரும் நண்பர்களும் எழுதியவை. பள்ளி ரகசியமாகக் கேட்டு வாங்கி வைத்திருக்கும்.

மகனைப் பற்றி மற்றவர்களிடம் பெருமையாகப் பேசி, மகனிடம் மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லாத அப்பாக்கள் நம் ஊரில் மட்டும் இல்லை. அப்படிப்பட்டவர் கைப்பட எழுதிய இரண்டு பக்கத்தை முதல் முறையாகப் படிக்கும் பையன் அழாமல் என்ன செய்வான்? பக்கத்தில் இருப்பவனும் அழுதுகொண்டிருப்பான். அந்த நான்கு நாளுக்குப் பின் வகுப்பில் பழைய கேலி கிண்டல் திரும்ப வரும், ஆனால் எதைச் சொல்லிக் கேலி செய்யக் கூடாது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். முப்பது ஆண்டு கழித்தும் இவர்கள் ஒருவர் வீட்டுச் சாவுக்கு ஒருவர் விமானம் ஏறி வருவதற்கு இந்த நான்கு நாள் ஒரு முக்கியக் காரணம் என்பார்கள். இங்கே எழுதியதைப் போகப்போகிற பையனிடம் காட்டிவிடாதீர்கள். போய்வந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை என்பது எழுதாத சட்டம்.

பணம் இந்த உறவில் எங்கே வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் மன்ஹாட்டன் 84-வது தெருவில் ரீஜிஸ் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. 1914-ல் தொடங்கியது. முன்னாள் மேயர் ஹியூ கிராண்ட்டின் மனைவி ஜூலியா கிராண்ட் கொடுத்த பெருந்தொகையில் எழுந்தது. தன் பெயர் வெளியே தெரியக் கூடாது என்பது அவர் விருப்பம். நெடுங்காலம் ‘நிறுவிய அம்மையார்’ என்றுதான் சொல்லிவந்தார்கள். அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. வங்கிக்காரர் மகனுக்கும் இல்லை, பேருந்து ஓட்டுநர் மகனுக்கும் இல்லை. ஐந்நூற்றுச் சொச்சம் பையன்கள், கடுமையான தேர்வில் வென்று வந்தவர்கள். செலவைப் பெருமளவு தாங்குவது பழைய மாணவர்கள் தரும் நன்கொடை. தன் படிப்புக்கு யாரோ ஒருவர் பணம் கட்டினார் என்று ஒவ்வொரு பையனுக்கும் தெரியும், அடுத்தவனுக்குத் தான் கட்ட வேண்டும் என்பதும் தெரியும். சகோதரத்துவத்துக்கு இதைவிட நல்ல அடித்தளம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அங்கே படித்தவர்களில் உலகம் அறிந்தவர் ஆண்டனி ஃபாவுச்சி. புரூக்ளினில் மருந்துக்கடை வைத்திருந்தவரின் மகன். சுரங்க ரயிலில் தினமும் வந்து போய் 1958-ல் படிப்பை முடித்தார். லத்தீனும் கிரேக்கமும் படித்தார். குள்ளமான உடல்வாகோடு கூடைப்பந்து அணிக்குத் தலைவராகவும் இருந்தார். பிறகு 1984 முதல் 2022 வரை அமெரிக்கத் தொற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். தெளிவாக, சுருக்கமாகச் சிந்திக்கவும் பொதுச்சேவையை நாடவும் இயேசு சபைக் கல்வியே காரணம் என்று அவர் பல முறை சொல்லியிருக்கிறார்.

இந்தப் பள்ளி மரபு நேராகத் தமிழ் மண்ணுக்கும் வந்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பகுதி இயேசு சபையினர் இரண்டாம் உலகப் போருக்குப் பின் மட்டக்களப்புக்கு வந்து, 1873-ல் தொடங்கிய புனித மைக்கேல் கல்லூரியில் பணிசெய்தார்கள். லூசியானாவைச் சேர்ந்த யூஜின் ஹெபர்ட் அடிகள் 1948-ல் வந்தவர். பையன்களுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்து, மட்டக்களப்பு என்றால் கூடைப்பந்து என்று இலங்கை முழுக்கச் சொல்லும்படி செய்தார். அவரை அந்த ஊர் இன்றும் நினைத்துக்கொள்கிறது. 1990-ல் போர் மீண்டும் வெடித்தபோது ஊரைவிட்டுப் போக மறுத்தார். ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குக் கிளம்பினார். அவரும் உடன் சென்ற இளைஞர் ஒருவரும் என்ன ஆனார்கள் என்பது இன்றுவரை தெரியாது. பிறருக்காக வாழ்வது என்று அருப்பே சொன்னதற்கு மட்டக்களப்புப் பையன்கள் புத்தகத்தில் உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பையன்களைத் தனியாக வைத்துப் படிப்பிப்பதால் மட்டும் நன்மை வருமா? 2014-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, 21 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களைப் பற்றிய 184 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. முறையாகக் கட்டுப்படுத்திச் செய்த ஆய்வுகளில், தனிப்பால் பள்ளிக்கும் இருபாலர் பள்ளிக்கும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. பையன்கள் மட்டும் இருந்தால் கூச்சமில்லாமல் பாடுவார்கள், நாடகம் போடுவார்கள், அழுவார்கள் என்று ஆதரவாளர்கள் சொல்வதில் அனுபவ உண்மை இருக்கலாம். ஆனால் இயேசு சபையே நடத்தும் இருபாலர் பள்ளிகள் பல உண்டு. அங்கேயும் கைரோஸ் நடக்கிறது, ஆன்ம சோதனை நடக்கிறது, பிள்ளைகள் அதேபோல உருவாகிறார்கள். ஆகவே பலனை அந்த வழக்கங்கள் கணக்கில் எழுதலாம், ‘பையன்கள் மட்டும்’ என்பதன் கணக்கில் எழுத முடியாது.

பையன் கூட்டத்தின் ஒற்றுமை தீங்காகவும் திரும்பும். ஜார்ஜ்டவுன் பிரெப் அமெரிக்காவின் மிகப் பழைய இயேசு சபை ஆண்கள் பள்ளி, வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் படிப்பது. 2018-ல் அதன் பழைய மாணவர் ஒருவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கும் விசாரணை நடந்தபோது, அந்தப் பள்ளியின் 1983-ம் ஆண்டு மலரை நாடே புரட்டிப் பார்த்தது. மது குடித்ததைப் பற்றிய பெருமையும், அக்கம்பக்கப் பள்ளி மாணவி ஒருத்தியைப் பற்றிய கேலிக் குறிப்புகளும் அதில் அச்சாகியிருந்தன. எங்களுக்குள் நாங்கள் என்ற உணர்வு, வெளியே இருப்பவளை ஆளாகவே பார்க்காத அளவுக்குப் போயிருந்தது. மலரைத் தயாரித்தவர்களும் அதே சுவர்களுக்குள், அருப்பே பேசிச் சில ஆண்டுகளுக்குப் பிறகு படித்தவர்கள்தாம்.

இன்னும் கொடியது ஒன்று. 2018 டிசம்பர் முதல் அமெரிக்க இயேசு சபையின் நிர்வாகப் பகுதிகள், சிறாரைப் பாலியல் கொடுமை செய்ததாக நம்பத்தக்க குற்றச்சாட்டு உள்ள தங்கள் துறவிகளின் பெயர்ப் பட்டியலைத் தாங்களே வெளியிட்டன. அவர்களில் பலர் பள்ளிகளில் வேலை செய்தவர்கள். சாமியார் சொல்லைத் தட்டக் கூடாது, பள்ளிப் பேரைக் கெடுக்கக் கூடாது என்ற விசுவாசம் எத்தனையோ பையன்களின் வாயைக் கட்டிப்போட்டது. எந்தப் பள்ளியின் பெருமையைப் பேசினாலும் இதைச் சேர்த்துப் பேசுவதுதான் நியாயம்.

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்துகொண்டு மகனை இப்படிப்பட்ட பள்ளியில் சேர்க்க நினைப்பவர்கள் கல்லூரிச் சேர்க்கைப் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். பள்ளியைச் சுற்றிப்பார்க்க அழைக்கும் நாளில் மாணவர்கள்தாம் வழிகாட்டிகளாக வருவார்கள். அவர்களையே கேளுங்கள். சேவை என்று எங்கே போகிறீர்கள், ஒரே ஆளை எத்தனை முறை சந்தித்தீர்கள்? கட்டணச் சலுகையில் படிப்பவன் உங்கள் நண்பர்களில் இருக்கிறானா? ஒரு ஆசிரியரைப் பற்றிப் புகார் இருந்தால் யாரிடம் சொல்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு உடனே ஒரு பெயரைச் சொன்னால் நல்லது. துறவிகள் இன்று மிகக் குறைவு, ஆசிரியர்களில் பெரும்பாலோர் குடும்பஸ்தர்கள்தாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சமயத்தைப் பற்றிய தயக்கம் இருந்தால், ரீஜிஸ் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்ற பையன்களை மட்டுமே சேர்க்கும் என்பதை நினைவில் வையுங்கள். மற்ற இயேசு சபைப் பள்ளிகள் பெரும்பாலும் எந்தச் சமயத்துப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்கின்றன. கட்டணம் மலைக்க வைத்தால் விண்ணப்பிக்கும்போதே சலுகைக்கும் எழுதிக் கேளுங்கள்.